வீட்டுக் கிட்டாரும் கணினிப் பியானோவும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நானும் கல்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் கரும்பலகையில் எழுதப்படாத ஒரு கல்வி அது. வீட்டில் ஒரு கிட்டார் இருக்கிறது. கையில் ஒரு கைப்பேசியோ மடிக்கணினியோ இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்து, அதற்குப் பியானோவும் வயலினும் சேர்த்துக் கேட்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. "என்னங்க இது, பரிசளிப்பு விழாவுல பாட்டுக் கச்சேரியா?" என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசிவரை கேட்டுவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலைக்கு வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்தது 1885-ஆம் ஆண்டு. ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-ஆம் ஆண்டு. காட்டை வெட்டிச் சரிவுகளில் நிரை பிடித்துத் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை நம் தாத்தா பாட்டிகளின் கைகள். அவர்கள் கப்பலேறி வந்தபோது பெட்டி நிறையப் பொருள் கொண்டு வரவில்லை. கொண்டு வந்தது பாட்டு. தாலாட்டு வந்தது, கும்மி வந்தது, ஒப்பாரி வந்தது, கோயில் பஜனை வந்தது. லயத்து வாசலில் ஒரு தப்பு, கோயிலில் ஒரு ஆர்மோனியம், ஒரு ஜோடி ஜால்ரா. தோட்டத்து இசைக்குழு அவ்வளவுதான். அதற்குப் பிறகு வானொலி வந்தது. அதன் பின்னே கிட்டார் வந்தது.

கிட்டார் ஏன் தோட்டத்திற்குள் வந்தது, பியானோ ஏன் வரவில்லை? காரணம் எளிது. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரணப் பியானோவே 200 கிலோ கனக்கும். அதில் 88 கட்டைகள். வளைந்து வளைந்து ஏறும் மலைச் சாலையில் அதை லாரியில் ஏற்றி, லயத்து வாசற்படியில் இறக்கி வைப்பது நடக்கிற காரியமா? விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே, தோட்டத்துப் பிள்ளைக்குப் பியானோ என்பது சினிமாவில் பார்க்கிற பொருளாகவே இருந்துவிட்டது. அந்த நிலை இன்று மாறிவிட்டது. மாறிய கதை சுவையானது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

1960-களில் இங்கிலாந்தில் மெலட்ரான் என்று ஒரு கருவி செய்தார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடா. ஒவ்வொரு நாடாவிலும் ஏற்கெனவே பதிவு செய்த புல்லாங்குழல் அல்லது வயலின் ஒலி. கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடும். சுமார் 8 வினாடியில் முடிந்துவிடும். பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் அதைத் தம் பாட்டில் பயன்படுத்தினார்கள். ஒருவர் ஊதிய குழலை இன்னொருவர் கட்டையில் வாசிப்பது என்ற எண்ணம் அங்கே வேர் பிடித்தது. 1983-இல் 'மிடி' என்ற பொது மொழி வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள். ஒரு நிறுவனத்தின் கீபோர்டு இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேச முடிந்தது. 1990-களின் கடைசியில் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இசைக்கருவியே கணினிக்குள் மென்பொருளாகக் குடியேறியது. 200 கிலோ பியானோ கனமே இல்லாத பொருளாயிற்று.

இந்த 'மிடி' என்பதைப் பிள்ளைகள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மிடி ஒலியைச் சுமப்பதில்லை, கட்டளையைத்தான் சுமக்கிறது. காலையில் பெரட்டில் நின்று மண்டோர் என்ன செய்வார்? "நீ இந்த நிரைக்குப் போ, நீ அந்த நிரைக்குப் போ" என்பார். கொழுந்தை எடுப்பவர் அவரல்லர். மிடியும் அப்படியே. "60-ஆம் எண் சுரத்தை, இந்த அழுத்தத்தில், இந்த நேரத்தில் வாசி" என்று சொல்லும், அவ்வளவுதான். வாசிப்பது மென்பொருளுக்குள் இருக்கும் பியானோ. ஆகவேதான், இன்று பியானோவாக வாசித்ததை நாளைக்கு வயலினாக மாற்றிக் கேட்க முடிகிறது. தவறாக விழுந்த ஒரு சுரத்தை மட்டும் எடுத்துச் சரியான இடத்தில் வைக்க முடிகிறது.

நம் தமிழர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்? இரண்டு பேரைச் சொல்கிறேன். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் நம் ஊரைப் போலவே மலையை அண்டிய சிற்றூர். அங்கிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை பயின்றார். கிட்டார் வாசித்துப் பிழைத்தார். இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினி வழி இசை சேர்த்தபோது, அந்த வேலையில் கீபோர்டோடு உடனிருந்தவர் ஓர் இளைஞர். அவர்தாம் பின்னாளில் ஏ. ஆர். ரஹ்மான் என்று உலகறிந்தவர்.

ரஹ்மானின் தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் காலமானபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விற்றிருந்தால் அன்றைக்குக் கையில் பணம் வந்திருக்கும். அந்தத் தாய் விற்கவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, தம் வீட்டுப் பின்புறத்திலேயே ஒரு பதிவுக்கூடம் கட்டினார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்கள் உருவானது அங்கேதான். முதல் படத்திலேயே தேசிய விருது. 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகள். வீட்டில் செய்கிற இசை விளையாட்டு இசை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, "எங்க வீட்ல எப்படி செய்யிறது?" என்று கேட்கிறீர்கள். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி, சுருதி. கணினிப் பியானோ உலக வழக்கப்படி, 'ஏ' சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்ற கணக்கில் நிற்கும். நீங்கள் காதால் மட்டும் கிட்டாரைச் சேர்த்தால், ஆறு கம்பிகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஆனால் மொத்தமாகச் சற்றுக் கீழே நிற்கக்கூடும். தனியாக வாசிக்கையில் குறை தெரியாது. பியானோ சேர்ந்ததும் காது கூசும். ஆகவே சுருதி காட்டும் செயலியை வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மலைக் குளிரும் ஈரமும் கம்பிகளைச் சும்மா விடுவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சரிபார்க்க வேண்டும். கிட்டார் கழுத்தில் 'கேப்போ' பிடிப்பவர்களுக்கு இன்னொரு சொல்: இரண்டாம் கட்டத்தில் கேப்போ வைத்து 'ஜி' பிடித்தால், காதில் விழுவது 'ஏ'. அதாவது ஐந்து கட்டை ஆறு கட்டையாகிவிடும். பியானோவில் ஆறு கட்டைக்குரியதையே வாசிக்க வேண்டும்.

இரண்டாம் படி, தாளம். மென்பொருளில் 'டிக், டிக்' என்று தட்டும் ஒலியை ஓடவிட்டு, அதைக் காதில் கேட்டுக்கொண்டே கிட்டார் வாசியுங்கள். இல்லையேல் முதல் அடி ஒரு வேகம், நான்காம் அடி ஒரு வேகம் என்று ஓடும். பிறகு சேரவரும் பியானோ தடுமாறும். காதில் மாட்டும் கருவி கம்பி உள்ளதாக இருக்கட்டும். கம்பியில்லாத புளூடூத் கருவியில் ஒலி தாமதித்து வரும். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்க உதவாது.

மூன்றாம் படி, பதிவு. ஒலிவாங்கியைக் கிட்டாரின் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். கழுத்தில் உள்ள பன்னிரண்டாம் கட்டத்தை நோக்கி, ஓரடி தள்ளி வையுங்கள். தகரக் கூரை மேல் மழை பெய்யும் நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். இங்கே பிற்பகல் மழை பழகிய விருந்தாளி. காலையிலோ, ஊர் அடங்கிய இரவிலோ பதிவு செய்யலாம். சுவரில் ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். குளிருக்காக நம் வீடுகளில் கம்பளிக்குப் பஞ்சமில்லை.

நான்காம் படி, கணினிக் கீபோர்டு. விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் கராஜ்பேண்ட் அதன் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இலவசம். சிங்கப்பூர்க்காரர்களின் பேண்ட்லேப் எந்தக் கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் எழுத்தடிக்கும் பலகையே பியானோவாகும். கராஜ்பேண்டில் நடு வரிசையின் ஏ, எஸ், டி, எஃப், ஜி, எச், ஜே, கே ஆகிய எட்டு எழுத்துகளும் வெள்ளைக் கட்டைகள். தம்பி தங்கைகளே, அந்த எட்டும் என்ன தெரியுமா? ச ரி க ம ப த நி ச. வரிசையாகத் தட்டிப் பாருங்கள், சங்கராபரணம் கேட்கும்.

தட்டியதற்கும் ஒலிப்பதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. கணினி வினாடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியைக் கையாளுகிறது. 1,024 மாதிரிகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாக அனுப்பினால், வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு தாமதம். எட்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் நண்பனோடு சேர்ந்து வாசிப்பதற்கு அது ஒப்பாகும். அதையே 128 ஆகக் குறைத்தால் ஒரு மீட்டர் தூரம், பக்கத்து நாற்காலி. வாசிக்கும்போது இந்த எண்ணைக் குறைத்து வையுங்கள்.

ஐந்தாம் படிதான் முக்கியம்: எதை வாசிப்பது? கிட்டார் ஏற்கெனவே தாளத்தையும் தட்டுகிறது, சுரங்களையும் நிரப்புகிறது. பியானோவும் அதையே செய்தால் சந்தைக்கூச்சல்தான். கிட்டார் அசையும்போது கீபோர்டு நிற்கட்டும். கிட்டாரின் தடித்த கம்பி ஒலிக்கும் கீழ்ப் பகுதியில் இடக்கையை வைக்காதீர்கள். நடுவிலிருந்து மேலே மூன்றே சுரம் போதும். ஓர் எடுத்துக்காட்டு. கிட்டாரில் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கு பிடிப்புகள் வருகின்றன. கீபோர்டில் முதலில் ச-க-ப, அடுத்து நி-ரி-ப, அடுத்து ச-க-த, கடைசியில் ச-ம-த. (அந்த நி மட்டும் நடு ச-வுக்கு ஒட்டிக் கீழே உள்ள நி.) வாசித்துப் பாருங்கள். எந்த விரலும் ஒரு கட்டைக்கு மேல் நகர வேண்டியதில்லை. இரண்டாம் பிடிப்பில் ப நிற்கிறது. நான்காம் பிடிப்பில் ச-வும் த-வும் நிற்கின்றன. நன்றாக ஒலிக்கும் இசையில் பாதி, அசையாமல் நிற்கத் தெரிந்த விரல்களின் வேலை.

தாளம் சற்று விலகினால் மென்பொருளே சுரங்களை இழுத்து இடத்தில் நிறுத்தும். ஆனால் எல்லாவற்றையும் கோடு போட்டதுபோல் நிறுத்திவிட்டால் உயிர் போய்விடும். அழுத்தத்துக்கு மிடியில் 1 முதல் 127 வரை அளவு உண்டு. எல்லாம் 127 என்றால் அது இசை அல்ல, ஆணி அடிப்பது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்கும்போது குரல் முன்னால், கிட்டார் அதன் பின்னால், கீபோர்டு அதற்கும் பின்னால். தேநீரில் சர்க்கரை இருக்க வேண்டும். குடிப்பவர் "சர்க்கரை" என்று சொல்லக்கூடாது, "நல்ல தேத்தண்ணி" என்று சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது கைவேலை. இனிச் சொல்லப் போவது என் மனத்தில் உள்ளது.

தோட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. கொழுந்தைக் கையால் கிள்ளிய இடத்தில் கத்தரியும், இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. நிரைகளில் இன்று வேலை செய்வோரில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுதி. நம் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டுகள் எங்கே போகும்? நிரையில் நின்று பாடிய பாட்டுகளில் பல எந்த ஒலிநாடாவிலும் ஏறவில்லை. அவை பாட்டிமார்களின் நெஞ்சில்தான் இருக்கின்றன. ஒரு பாட்டி கண் மூடினால் அவரோடு பத்துப் பாட்டுகள் கண் மூடுகின்றன.

மாணவச் செல்வங்களே, உங்கள் கையில் கருவி இருக்கிறது. சினிமாப் பாட்டின் மெட்டுக்கு இன்னொருவர் செய்த இசையை இறக்கி வைத்துப் பாடுகிறீர்கள். வீட்டுக்குள் பாடுவதில் பிழையில்லை. ஆனால் அதை ஊருக்கு வெளியிட்டால் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். பாட்டி பாடும் தாலாட்டுக்கு அந்தத் தடை இல்லை. அது வழிவழி வந்த சொத்து, உங்களுக்கும் உரியது.

அதைப் பதிவு செய்யும்போது மட்டும் நான் மேலே சொன்ன சட்டங்கள் சில மாறும். பாட்டியின் காதில் 'டிக், டிக்' மாட்டாதீர்கள். "ஆயா, நீங்க பாட்டுக்குப் பாடுங்க" என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைத் திறந்து வையுங்கள். அவர் இருமினால் இருமட்டும். நடுவில் நிறுத்தி, "இது எங்கம்மா பாடுனது" என்றால் அதையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பதிவை அப்படியே, எதுவும் சேர்க்காமல், இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். கிட்டாரும் கீபோர்டும் சேர்ப்பதெல்லாம் அதன் நகலில்தான்.

இன்னொன்று. பாட்டியின் சுருதி பியானோவின் எந்தக் கட்டையிலும் பொருந்தாது. நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவே நிற்கும். உடனே "ஆயாவுக்குச் சுருதி சேரல" என்று மென்பொருளால் அவர் குரலை இழுத்துக் கட்டையில் நிறுத்தாதீர்கள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே நூறு நுண்பங்குகள் உண்டு. கணினிப் பியானோவின் சுருதியை அந்த நுண்பங்குக் கணக்கில் ஏற்றி இறக்கலாம். மரப்பியானோவால் நினைத்த மாத்திரத்தில் முடியாதது இது. பியானோ பாட்டிக்குச் சேரட்டும். பாட்டி பியானோவுக்குச் சேர வேண்டியதில்லை. கிட்டாரையும் அவ்வாறே அவர் சுருதிக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

அவர் குரலில் வரும் வளைவும் குழைவும் கட்டைகளுக்கு இடையில் நடப்பவை. கட்டைக்கு அது எட்டாது. இந்தக் குறைக்காகவே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. நான் அவ்வளவு கண்டிப்புக்காரன் அல்லன். ஆர்மோனியம் இல்லாமல் நம் கோயில் பஜனை ஏது? ஆனால் அந்தக் கண்டிப்பில் ஓர் உண்மை இருக்கிறது. தாலாட்டுக்குக் கீபோர்டு சேர்ப்பதானால், பாட்டின் மெட்டைக் கட்டையில் தொடராதீர்கள். ச-வும் ப-வும் மட்டும், தம்பூராவைப் போல, மெல்ல நிற்கட்டும். அதன் மேல் பாட்டி நடக்கட்டும்.

பெற்றோர்களே, கடைசியாக உங்களிடம். "கிட்டாரத் தூக்கினா படிப்பு போச்சு" என்று சொல்லும் வீடுகள் உண்டு. உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் மேலே சொன்னவற்றை எண்ணிப் பாருங்கள். அதிர்வெண் என்பது அறிவியல். தாமதக் கணக்கு என்பது கணிதம். பாட்டியைப் பேட்டி காண்பது தமிழும் வரலாறும். ஒரு பாட்டைச் சரியாக முடிக்க நாற்பது தடவை வாசிக்கும் பிள்ளைக்குப் பொறுமை தானே வரும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். நேரத்தை நீங்கள் காவல் காருங்கள். ஆர்வத்தைக் காவல் வைக்காதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு பரிசுப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: தன் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பாட்டைப் பதிவு செய்து பள்ளிக்குக் கொண்டு வரும் மாணவருக்கு ஒரு பரிசு. கோப்பை வேண்டாம், ஒரு கட்டுக் கிட்டார்க் கம்பி போதும். பத்து மாணவர்கள் வந்தால், பள்ளி நூல்நிலையத்தில் பத்துப் பாட்டுகள் இருக்கும். தோட்டம் எப்படி மாறினாலும் அவை இருக்கும்.

குழலையும் யாழையும்விடத் தம் மக்களின் மழலையே இனிது என்று பெற்றோரைப் பார்த்துச் சொன்னவர் வள்ளுவர். பிள்ளைகளாகிய உங்களைப் பார்த்து நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் முன்னோரின் குரலும் அவ்வளவு இனிது. அதைக் கேளுங்கள், காப்பாற்றுங்கள், அதன் பக்கத்தில் உங்கள் கிட்டாரை வைத்து வாசியுங்கள்.